நெட்டுப் பெட்டிச் சாவி

கவியரசன் எடுத்த வீடியோ செவ்வாய்க்கிழமை மத்தியானம் காணாமல் போனது. ஆடு காணாமல் போனால் கயிறாவது கிடக்கும். எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான் என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல ஊரில் ஆள் உண்டு. இது போன இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் இருந்தது. அதற்குள் ஒரே வரி: 'இந்தப் பதிவு இப்போது இல்லை.'

சுனைக்குடிப்பட்டிக் கண்மாயில் வண்டல் அள்ள மூன்றடி ஆழத்துக்குத்தான் அனுமதி. செல்லமுத்து என்கிற காண்ட்ராக்டர் பன்னிரண்டடிக்குத் தோண்டி, அடியில் கிடந்த கிராவலை டிப்பர் டிப்பராக ஏற்றிக்கொண்டிருந்தார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த கவியரசன் அந்தக் குழிக்குள் இறங்கி நின்று, தன் தலைக்கு மேல் இன்னும் ஒரு ஆள் உயரத்துக்கு மண் நிற்கிறது என்று காட்டி மூன்று நிமிடம் பேசினான். ஞாயிற்றுக்கிழமை போட்டான். இரண்டே நாளில் அறுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். தாசில்தார் ஜீப் ஒன்று வந்து கரைமேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் கலெக்டரே வந்திருப்பார் என்று ஊர் நம்பியது.

யார் எடுத்தது என்ற கேள்வி மத்தியானம் பிறந்தது. சாயங்காலம் பால் சொசைட்டியில் கேன் கழுவி முடிப்பதற்குள் பதிலும் பிறந்துவிட்டது. அய்யப்பன்.

அய்யப்பனை விட்டால் வேறு யாரைச் சொல்வது? ஊருக்குள் டவர் ஒரு கோடு வந்தால் இரண்டு கோடு போகும். எண்பத்து மூன்று வீட்டுக்கும் நெட் கொடுப்பவன் அவன்தான். அன்னவாசலிலிருந்து போஸ்ட் போஸ்டாக, புளியமரம் புளியமரமாக ஒயர் இழுத்து வந்து, பழைய ரேஷன் கடைச் சுவரில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் சேர்த்து, அங்கிருந்து வீடு வீடாகப் பிரித்திருந்தான். பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி அவன் பைக் சாவியோடு தொங்கியது. போதாததற்கு, அவன் மச்சினன் செல்லமுத்துவிடம் டிப்பர் ஓட்டினான்.

"ஒங்க அண்ணன் செஞ்ச வேலையப் பாத்தியா?" தூக்குவாளியைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டாள் சொர்ணவல்லி.

"எந்த அண்ணன் அத்தை?" என்றாள் மருமகள் பிரகதீஸ்வரி.

"ஆமா, ஒனக்குப் பத்து அண்ணன். ஒயர்க்கார அண்ணன்தான். செல்லமுத்துகிட்டக் காசு வாங்கிக்கிட்டு வீடியோவ அடைச்சுப்புட்டானாம். சொசைட்டியில ஒரே பேச்சு. நாளைக்குக் காலையில ஊர் கூடுது."

அய்யப்பன் அவள் கூடப்பிறந்தவன் இல்லை. அவன் அம்மாவுக்கும் பிரகதீஸ்வரிக்கும் பிறந்த ஊர் குடுமியான்மலை. அந்த ஒட்டுறவில் அவன் 'தங்கச்சி' என்றான், இவள் 'அண்ணே' என்றாள். அணில் ஒயரைக் கடித்த நாளெல்லாம் மற்ற வீட்டுக்கு மறுநாள் வருகிறவன் இவள் வீட்டுக்கு அன்றைக்கே வந்து ஏணி போடுவான். அப்படிப்பட்டவனா? என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம், ஏன் இருக்கக்கூடாது என்றும் நினைத்தாள். மச்சினனுக்கு வேலை கொடுப்பவன் சொன்னால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? சந்தேகம் கறையான் மாதிரி. கதவு வெளியில் அப்படியே நிற்கும், தட்டிப் பார்த்தால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும்.

வீடியோக்கள் எப்படிக் காணாமல் போகும் என்று அந்த ஊரில் உண்மையாகவே தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஆனால் அது யாருக்கும் தெரியாது.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் 'டேட்டா என்ட்ரி' என்று சொல்லியிருந்தாள். குவைத்தில் வண்டி ஓட்டும் புருஷன் வசந்தகுமாருக்கும் அதே பதில்தான். வேறு பதில் சொன்னால் வேலை போய்விடும் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், உலகத்தில் எங்கெங்கோ தமிழில் யார் யாரோ போட்ட பதிவுகளில், மற்றவர்கள் குற்றம் சொன்னவை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் திரைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் நாற்பது வினாடி. 'விடு', 'எடு', 'மேலே அனுப்பு' என்று மூன்று பொத்தான். ஒரு நாளைக்கு அறுநூறு. எண்ணிக்கை குறைந்தால் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் எரியும். முக்கோணம் எரியாமல் இருக்க அவள் எல்லாவற்றையும் இரட்டை வேகத்தில் ஓட்டிப் பழகியிருந்தாள். இரட்டை வேகத்தில் எல்லார் குரலும் ஒன்றுதான். அழுகிறவனும் சிரிக்கிறவனும் கிளி மாதிரிக் கத்துவார்கள். எந்தக் கம்பெனியின் பதிவுகள் அவை, தனக்குச் சம்பளம் போடுகிறவர்களுக்குச் சம்பளம் போடுவது யார் என்று அவளுக்குத் தெரியாது. மெட்ராஸில் இருக்கும் இனியா என்ற மேற்பார்வைப் பெண் 'கிளையன்ட்' என்பாள். அந்தச் சொல்லுக்கு முகம் கிடையாது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பழைய ரேஷன் கடை முன்னால் ஊர் கூடிவிட்டது. பிரகதீஸ்வரி வீடு எதிர்ச்சாரியில்தான். வாசற்படியில் நின்றாலே எல்லாம் கேட்கும் என்றாலும், மாமியார் இழுத்த இழுப்பில் அவளும் பெண்கள் பக்கம் போய் நின்றாள்.

நடுவில் ஆண்டிச்சாமி நின்றார். இந்த வருடம் மடைச் சாவி அவரிடம். அந்த ஊரில் பங்காளிகள் நான்கு வகையறாவாக, ஊர் வழக்கில் நான்கு கரையாகப் பிரிந்திருந்தார்கள். கண்மாய் மடையைப் பூட்டும் சாவி வருடத்துக்கு ஒரு கரை என்று சுற்றிவரும். சாவி எந்தக் கரையிடம் இருக்கிறதோ அந்தக் கரையின் பெரியவர்தான் தண்ணீருக்குப் பொறுப்பு. ஒரு வயல் காய்ந்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து ஊருக்குத் தெரிந்த நியாயம் இது ஒன்றுதான்: எது ஓடினாலும் அதற்கு ஒரு மடை உண்டு, மடைக்கு ஒரு சாவி உண்டு, சாவி ஒருவன் இடுப்பில் இருக்கும்.

"அய்யப்பா, ஒளிக்காமச் சொல்லு. நீதானே அடைச்ச?" என்றார் ஆண்டிச்சாமி.

"அய்யனார் சத்தியமா இல்லீங்க மாமா. வீடியோவ அடைக்கிற வித்தை தெரிஞ்சா நான் ஏன் எறும்பு கடிக்க மரத்துல ஏறிக்கிட்டிருக்கேன்?"

"நக்கலா?" என்றான் கவியரசன். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"நீ சும்மா இருப்பா. நான் கேக்குறேன்ல? கவியரசா, ஒன் போன்லேருந்து அந்த வீடியோ எது வழியாப் போச்சு?"

"எங்க வீட்டு வைஃபை வழியா."

"வைஃபை எங்கிட்டு வழியாப் போகுது?"

"அந்தா, அந்தப் பொட்டி வழியா."

"பொட்டிச் சாவி?"

எல்லாரும் அய்யப்பனின் பைக்கைப் பார்த்தார்கள்.

"மாமா, வீடியோ ஏற்கெனவே மேல போயிருச்சுங்க. போனதுக்கப்புறம் என் பொட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மத்த ஊர்ல பாக்குறவுகளுக்கும்தானே வரல?"

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்று பெண்கள் பக்கமிருந்து ராசாத்தி குரல் கொடுத்தாள். அவள் மகன் செம்மல் சிங்கப்பூரில் இருந்தான். "என் மவன் நேத்து சொல்றான், அங்கயும் வரலையாம்."

"தலைமடையில அடைச்சா கடைமடையில எப்படித்தா தண்ணி நிக்கும்?" என்றார் ஆண்டிச்சாமி. "பொறந்தது இங்க. இங்க அடைச்சா சிங்கப்பூர்லயும் காஞ்சுதான் கெடக்கும்."

கூட்டம் தலையாட்டியது. இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. பிரகதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. தப்பு என்று தெரிந்தும் அந்தத் தப்பு எவ்வளவு அழகாக நேராக நிற்கிறது என்று தோன்றியது.

"சரி, ஒனக்கு எங்கேருந்து வருது?"

"அன்னவாசல்ல ஒரு ஆபீஸ்லேருந்துங்க."

"அவனுக்கு?"

"புதுக்கோட்டை."

"அங்கிட்டு?"

"திருச்சி, மெட்ராஸ்."

"மெட்ராஸுக்கு?"

அய்யப்பன் தயங்கினான். "கடலுக்கு அடியில ஒயர் வருதுங்க மாமா."

சிரிப்பு வெடித்தது. "கடலுக்கடியில எவன்டா போஸ்ட் நட்டான்?" என்று ஒரு குரல். "சுறா கடிச்சா நீதான் ஏணி எடுத்துக்கிட்டுப் போவியா?" என்று இன்னொன்று.

"போஸ்ட் இல்லீங்க, தரையிலயே கெடக்கும்."

"யாரு மொதலாளி அதுக்கு?"

"நெறையப் பேருங்க. எல்லாம் பெரிய பெரிய கம்பெனி."

"எல்லாருக்கும் மேல ஒரு ஆளு இருப்பான்ல? அவன் பேரச் சொல்லு."

அய்யப்பன் யோசித்தான். நேர்மையாகத்தான் யோசித்தான். "அப்படி ஒரு ஆளு இருக்க மாட்டான்னு நெனைக்கிறேங்க" என்றான்.

அந்த இடத்தில்தான் அவன் கெட்டான். ஆளில்லாத சொத்து என்று ஒன்று அந்த ஊரில் கிடையாது. புறம்போக்குக்குச் சர்க்கார் இருக்கிறது, முனியன் பொட்டலுக்கு முனி இருக்கிறது. மொதலாளி பெயரைச் சொல்லாதவன் மொதலாளியை மறைக்கிறான் என்றுதானே பொருள்?

"இந்தாங்க, அப்படி என்ன தப்பாப் பேசிட்டேன், எல்லாரும் கேளுங்க" என்று கவியரசன் தன் போனில் மிச்சமிருந்த நகலை ஒரு ஸ்பீக்கரோடு சேர்த்து ஓடவிட்டான்.

பிரகதீஸ்வரி அதை முழுசாகப் பார்த்ததில்லை. ஞாயிறும் திங்களும் மாமியார் சொல்லக் கேட்டதோடு சரி. நாள் முழுக்கத் திரையைப் பார்த்தவளுக்குச் சாயங்காலம் இன்னொரு திரையைப் பார்க்கப் பிடிக்காது. கழுத்தை நீட்டிப் பார்த்தாள். குழி. மண் சுவர். பிறகு ஒரு டிப்பரின் பின்கதவு. கதவில் இரண்டு பச்சைக் கிளிகள், ஒன்றுக்கு மூக்கு அழிந்திருந்தது. "இதாங்க செல்லமுத்துவோட சொந்த நம்பர். எல்லாரும் கூப்பிட்டு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரிக் கேளுங்க" என்று கவியரசனின் குரல் பத்து எண்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லியது.

மூக்கு அழிந்த கிளி.

செவ்வாய்க்கிழமை. பதினொன்றரை இருக்கும். அடுப்பில் உலை கொதிக்கும் சத்தம் கேட்டு எழுந்து போய்த் தணித்துவிட்டு வந்த அவசரம். திரையில் ஒரு பின்கதவு, இரண்டு கிளிகள், கிளிக் குரலில் ஒரு போன் நம்பர். குற்றம் சொல்லப்பட்ட பகுதி மட்டும்தான் வந்தது. குழி வரவில்லை, முகம் வரவில்லை. கீழே ஒரு எண்: 212 பேர் புகார். தனி மனிதரின் நம்பரைச் சொல்லி எல்லாரையும் கூப்பிடச் சொன்னால் விதிப்படி 'எடு'தான். ஒன்பது வினாடியில் அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தாள்.

அவள்தான். ஊரே தேடும் கை அவளுடையதுதான்.

அதற்குள் ஆண்டிச்சாமி தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டிச் சாவி இனிமேல் கரைகாரர் கையில். பெட்டியைப் பூட்டி, கரண்டையும் நிறுத்தி வைப்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வீடியோ திரும்பி வராவிட்டால் எண்பத்து மூன்று வீட்டுச் சுவரிலிருந்தும் ஒயரைக் கழற்றி அய்யப்பன் கையில் கொடுத்துவிட்டு, புதுக்கோட்டையிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடுவது.

அய்யப்பன் பைக் சாவிக் கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்ற முடியாமல் நகம் பிய்ய நின்றான். வேறு யாரும் உதவவில்லை. கடைசியில் பல்லால் வளையத்தை விரித்து எடுத்துக் கொடுத்தான். ஆண்டிச்சாமி அதை அரைஞாண் கயிற்றில் மடைச் சாவிக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிரகதீஸ்வரி கொல்லைப் பக்கம் போய், டவர் கிடைக்கும் கிணற்று மேட்டில் ஏறி நின்று இனியாவைக் கூப்பிட்டாள்.

"என்னங்க பிரகதி, லாகினே இல்லையே?" என்றாள் இனியா.

"நெட் இல்லீங்க மேடம். ஒண்ணு கேக்கணும். நம்ம சொந்த ஜில்லாப் பதிவு நமக்கு வராதுன்னுதானே சொன்னீங்க?"

"வராதுங்க."

"வந்தா?"

இனியா திருப்பிக் கேட்டாள். "வந்துச்சா?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன். யாருக்கு எதுன்னு யாரு பிரிச்சு அனுப்புறா?"

"சிஸ்டம்."

"சிஸ்டத்த யாரு வச்சிருக்கா?"

"கிளையன்ட் சைடு. பிரகதி, இந்தக் கேள்வியெல்லாம் போன்ல கேக்காதீங்க. இந்தக் காலும் ரெக்கார்ட் ஆகுது." அதைச் சொல்லும்போது இனியாவின் குரல் தாழ்ந்தது. பயந்த குரல் மாதிரி இருந்தது. இனியாவும் யாருக்கோ பயப்படுகிறாள் என்பது பிரகதீஸ்வரிக்கு அன்றுதான் தெரிந்தது.

போனை வைத்த பிறகு சந்தேகங்கள் ஒவ்வொன்றாகப் பிறந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் யார்? ஒரே காலையில் இத்தனை பேருக்கு ஒரே கோபம் வருமா? செல்லமுத்து ஆள் பிடித்தாரா? அந்தக் கூட்டத்தில், அய்யப்பன் மீது பழி போட்டவர்களில், எத்தனை பேர் தங்கள் போனில் அந்தப் புகாரை அமுக்கியவர்கள்? எத்தனையோ ஆயிரம் பேர் இப்படி உள்ளறைகளில் உட்கார்ந்திருக்க, இது ஏன் சுற்றிச் சுற்றி வந்து அவள் மடியில் விழுந்தது? யாராவது வேண்டுமென்றே அனுப்பினார்களா? கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். தன் தலையும் அதற்கு மேல் வானமும் தெரிந்தன. தனக்குப் பின்னால் யாரோ நிற்பது போலத் தோன்றித் திரும்பினாள். கோழிதான்.

வியாழக்கிழமை அய்யப்பன் வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அதற்குள் ஏழு வீட்டில் கெடுவுக்குக் காத்திராமல் ஒயரை அறுத்து வாசலில் சுருட்டிப் போட்டிருந்தார்கள்.

"தங்கச்சி, ஒன் வேலை கெட்டுறக் கூடாது. பக்கத்து ஊர் லைன்லேருந்து ஒனக்கு மட்டும் தனியா இழுத்துத் தாரேன். கொல்லைப் பக்கமா வந்தா யாருக்கும் தெரியாது."

"ஒங்களுக்கே இப்ப நெலமை சரியில்லையேண்ணே. மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா என்ன, இன்னொரு பழி. எட்டு வருசமா இழுத்த ஒயர் இது. நாளைக்கு சாயங்காலம் எல்லாத்தையும் சுருட்டிக் கையில குடுத்துருவாங்க. அதுக்கப்புறம் எந்த ஊர்லயும் என்னை உள்ள விட மாட்டானுக. செல்லமுத்துகிட்ட வெலை போனவன்னு பேரு வந்துருச்சுல்ல?" சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "என் பொண்டாட்டியே கேக்குறா, உண்மையச் சொல்லுங்க, தம்பிக்காகச் செஞ்சீகளான்னு."

வேண்டாம் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. மூன்று வருடச் சம்பளம் அந்த நாக்கைப் பிடித்துக்கொண்டது. வேலை போனால் வேறு வேலை தேடலாம், ஆனால் ஊர் என்ன செய்யும்? அய்யப்பனிடம் பறித்ததாவது ஒரு சாவி. அவளிடம் எதைப் பறிப்பார்கள்? இப்படியே வெள்ளிக்கிழமை வரை புரண்டாள். அவள் இதுவரை 'எடு' என்று அமுக்கியவர்கள் எல்லாருக்கும் ஒரு ஊர் இருந்திருக்கும், அங்கேயும் யாரோ ஒருவன் பல்லால் சாவி கழற்றியிருப்பான் என்ற நினைப்பு மட்டும் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் ஏணியோடு வந்து நின்றார்கள். அய்யப்பன் பெட்டி மீது சாய்ந்துகொண்டு, வருவது வரட்டும் என்று நின்றான். முதல் ஏணியை ராசாத்தி வீட்டுச் சுவரில் சாத்தியபோது பிரகதீஸ்வரி பெண்கள் பக்கத்தை விட்டு நடுவில் வந்துவிட்டாள். எப்படி வந்தாள் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்கு நினைவில்லை.

"அவுக அடைக்கல. நான்தான் எடுத்தேன்."

ஏணி அப்படியே நின்றது. மூன்று போன்கள் அவள் முகத்துக்கு நேராக உயர்ந்தன. அவற்றைப் பார்த்தும் நிறுத்தாமல் சொன்னாள். உள்ளறையில் என்ன வேலை, எப்படி வரும், எத்தனை வினாடி, எத்தனை பேர் புகார். "நம்பரச் சொன்னதுதான் தப்பு. அந்த எடத்த மட்டும் வெட்டிட்டு மறுபடி போட்டா யாராலயும் எடுக்க முடியாது."

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லாரும்.

"அறுவதாயிரம் பேரு பாத்ததை இது அடுப்படியில ஒக்காந்து அழிச்சுதாம்ல!"

"அப்ப டிவியில படம் நிக்கிதே, அதும் நீதானாத்தா?"

"குடுமியான்மலைக்காரி, அண்ணனுக்காகக் கழுத்தக் குடுக்குறா."

ஆண்டிச்சாமி சிரிக்கவில்லை. பரிவாகத்தான் பார்த்தார். "ஆத்தா, நீ நல்ல மனசுக்காரி. ஆனா ஒனக்குப் பொய் சொல்ல வரல. மெட்ராஸ், திருச்சி, கடலுன்னு அவன் ஒரு கதை விட்டான். சரின்னு கேட்டோம். அத்தன தூரம் போயி, அத்தன பெரிய கம்பெனிக்காரன் இந்த ரேஷன் கடைக்கு எதுத்தாப்புல ஒன்கிட்டயா வந்து கேப்பான், வைக்கவா எடுக்கவான்னு?"

அதைத்தான் அவளும் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொர்ணவல்லி அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்குள் இழுத்துப் போனாள். "புருஷன் வெளிநாட்டுல இருக்கான். ஊரு நடுவுல எவனுக்கோ பரிஞ்சு பேசுற. பேரு என்னத்துக்காகும்?" இதைச் சொல்லும்போது மாமியாரின் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, வேறொரு சந்தேகம் என்று கண்டு பிரகதீஸ்வரி அதிர்ந்தாள்.

ஆனால் வெளியே ஏணி இறங்கியிருந்தது. இருட்டப் போகிறது, காலையில் கழற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை கவியரசன் அன்னவாசல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், டவர் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நின்றுகொண்டு, நம்பர் வரும் பதினான்கு வினாடியை வெட்டிவிட்டு வீடியோவை மறுபடி போட்டான். மத்தியானம் நின்றது. சாயங்காலமும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை முந்தியதைவிட அதிகமாக ஓடியது. திங்கட்கிழமை காலை டிப்பர் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவன் பிரகதீஸ்வரி வீட்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு."

"சந்தோசம்ப்பா."

"எரநூத்திப் பன்னெண்டு பேருன்னீங்களே. யாரு யாருன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"பேரு காட்டாது."

"நெசமாவா?" அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே, சாத்தியிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தான். "ஒங்களுக்குச் சம்பளம் குடுக்குறது யாருக்கா? செல்லமுத்துவுக்கும் அவுகளுக்கும் ஏதும் உண்டா?"

"எனக்கே தெரியாதுப்பா."

"அய்யப்பண்ணனும் அப்படித்தான் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். நன்றி சொல்ல வந்தவன் சொல்லாமலே போனான்.

ஊர் தனக்குத் தெரிந்த முறையில் இதைப் புரிந்துகொண்டது. பூட்டுப் போட்டு மூன்றாம் நாள் வீடியோ வந்துவிட்டது. அப்படியென்றால் பூட்டுக்குப் பயந்து அய்யப்பன் மேலிடத்துக்குச் சொல்லித் திறக்கச் சொல்லியிருக்கிறான். பெட்டி பூட்டியிருக்கும்போது அன்னவாசலிலிருந்து போட்டதுதானே என்று யாராவது கேட்டால், "பாத்தியா, பூட்டுனது இங்க, தண்ணி வந்தது அங்க. அம்புட்டுப் பயம்!" என்றார் ஆண்டிச்சாமி. அவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஒயர் சுவரிலேயே இருக்கலாம். சாவி மட்டும் இனி கரைகாரரிடம்தான், வருடத்துக்கு ஒரு கரை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆண்டிச்சாமி அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்துவிட்டார். அய்யப்பன் கரண்டைப் போட்டு, அறுத்துப் போட்ட ஒயர்களை ஒட்டி முடித்து, கடைசியாகப் பிரகதீஸ்வரி வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபடியே மோடத்தின் விளக்குகளைப் பார்த்தான். ஒவ்வொன்றாகப் பச்சையானது.

"வந்துருச்சு" என்றான்.

"வந்துருச்சுண்ணே. என்னை நம்புனீங்களா அன்னிக்கி?"

"ஊரே சிரிச்சுது. நான் சிரிச்சனா?"

"இல்ல."

அவன் தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். சொர்ணவல்லி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். "எனக்கு முன்னாடியே தெரியும் தங்கச்சி. டேட்டா என்ட்ரின்னு நீ சொன்னப்பவே தெரியும். ஊர்ல எல்லா வீட்டு லைனும் சாயங்காலம் முழிக்கும், படம் இழுக்கும், தூங்கும். ஒன் லைன் காலையில எட்டுக்கு ஆரம்பிச்சா அஞ்சு வரைக்கும் ஒரே சீரா ஓடும். எங்கிட்டோ வெளிநாட்டுலேருந்து வரும், சின்னதா ஒண்ணு திரும்பிப் போகும். வரும், போகும். மூணு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் மோடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "பாக்க முடியுமா?"

"எங்கேருந்து வருது, எங்க போகுது, எப்ப, எவ்வளவு. அது தெரியும். உள்ள என்னன்னு தெரியாது." கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னான்.

"எல்லா வீட்டதுமா?"

"லைன்ல கோளாறுன்னா பாக்கணும்ல?"

வசந்தகுமாரோடு பேசிய இரவுகள், அழுத நாட்கள், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை அனுப்பியது, ராசாத்தி அக்கா ரகசியமாகச் சொல்லி நெட்டில் தேடித் தரச் சொன்னது எல்லாம் ஒரு நொடியில் அவள் முகத்தில் ஏறி இறங்கியிருக்க வேண்டும். அய்யப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். "எனக்காக நீ சபையில நின்ன. மறக்க மாட்டேன். ஆனா நான் பாப்பேங்கிறத மட்டும் வெளில விட்டுறாத. மாமா காதுல விழுந்தா இந்தத் தடவை ஏணி எறங்காது. நீ சொன்னதையும் யாரும் நம்பல, அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நானும் நம்பாதவன் மாதிரியே இருந்துக்கிறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். மரத்துக்கு மரம் எறும்பு கடித்துத் தடித்த கைகள். இந்தக் கைகளுக்காகத்தான் ஊர் நடுவில் நின்றாள். இப்போதும் நிற்பாளா என்று கேட்டுப் பார்த்தாள். தெரியவில்லை.

"சரிண்ணே" என்றாள்.

"சரின்னா?"

"யார்கிட்டயும் சொல்லலண்ணே. நீங்களும்..."

"சொல்லல."

"என்னப்பா அங்க குசுகுசுன்னு? முடிஞ்சுதா இல்லியா?" எதிர்ச்சாரியிலிருந்து ஆண்டிச்சாமி கத்தினார். "நான் கண்மாய்க்குப் போகணும்."

"முடிஞ்சுதுங்க மாமா. பூட்டிக்கங்க."

ஆண்டிச்சாமி பெட்டிக் கதவைச் சாத்தி, பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இனி ஊருக்குத் தெரியாமல் ஒன்றும் உள்ளே வராது, ஒன்றும் வெளியே போகாது என்ற நிம்மதியோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்தார்.